சித்தப்பா மாத்திரையை விட்ட தவக்காலம்

ததேயுஸ் சித்தப்பா நல்லவர் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். பிடிவாதக்காரர் என்று சொன்னால், மறுக்க நினைப்பவர்களையும் வியாகுலம் சின்னம்மை விடமாட்டாள். சின்னம்மை என் அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம் மட்டும்தான். அங்கே நடக்கும் சண்டையில் பாதி எங்கள் அடுக்களைக்குக் கேட்கும். மீதியைச் சின்னம்மையே வந்து சொல்லிவிடுவாள். மகன் ஷிஜின் மஸ்கட்டில் இருப்பதால் ஆஸ்பத்திரி, பேங்க், ஆதார் என்று எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கணக்கு டீச்சருக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றும் இருக்காது என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. அதை நானும் கெடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கடற்கரையில் துறைமுகம் கிடையாது. கடலுக்குப் போன வள்ளம், கரையில் வந்து உடையும் கரைத்திரையைத் தாண்டித்தான் மணலில் ஏற வேண்டும். பின்னால் அமரத்தில் இருப்பவர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, பெரிய திரைகள் உடைந்து தீரும்வரை காத்திருந்து, கடல் சற்று அடங்கும் நேரம் பார்த்து வள்ளத்தை விடுவார். முன்னால் அணியத்தில் ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்து, மணலைப் பார்த்தபடி குதிக்கத் தயாராக நிற்பார். அணியத்தில் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால், எஞ்சின் பிடிக்கிறவர்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பதுபோல அது பெரிய மரியாதைக்கேடு. எங்கள் வள்ளத்தில் வருடக்கணக்காக சித்தப்பா அமரத்தில், சின்னம்மையின் தம்பி கிளீட்டஸ் மாமா அணியத்தில். மாமா ஒருநாளும் திரும்பியதில்லை.

ஃபைபர் வள்ளம் திரையில் ஏறி விழும்போது அமரத்தில் இருப்பவரின் முதுகுதான் அடி வாங்கும். சித்தப்பாவின் முதுகும் வாங்கியது. நாலு வருடத்துக்கு முன்னால் முதுகெலும்பில் தட்டு விலகி, காலை ஊன்ற முடியாமல் கிடந்தார். பார்த்த டாக்டர் டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு வந்து காட்டச் சொன்னார். மாத்திரைக்கு வலி கேட்டது. வலி போனவர் எதற்காக டாக்டரிடம் போகப்போகிறார்? பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்தார்கள். கொஞ்சநாளில் சீட்டையும் கேட்கவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று துவங்கியது, கடலுக்குப் போகுமுன் ஒன்று, வந்தபின் ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று என்று கூடிக்கொண்டே போனது. வலிக்காகச் சாப்பிடுகிறாரா, சாப்பிடாவிட்டால் வரும் கோளாறுக்காகச் சாப்பிடுகிறாரா என்பது அவருக்கே தெரியாமல் போயிருந்தது.

எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்பெல்லாம் எங்கள் முருங்கைக்கும் சேர்த்து அறிவுரை சொல்கிறவர், கொஞ்சம் அமைதியாகிவிட்டார், அவ்வளவுதான். சாயங்காலம் நாற்காலியில் இருந்தபடியே தலை தொங்கும். "வயசாவுதுல்லா, மனுசனுக்கு அடக்கம் வந்தாச்சு," என்று சின்னம்மை பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இனி தவக்காலத்துக்கு வருகிறேன். தவக்காலம் துவங்கும் விபூதிப் புதன் அன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு ஆண்கள் எல்லாரும் கடற்கரை ஏலக்கூடத்தில் கூடுவார்கள். ஈஸ்டர்வரை எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் கூட்டுக்காரர்கள் முன்னால் சொல்ல வேண்டும். இதற்கு ஒறுத்தல் என்று பெயர். பெரும்பாலும் குடிதான். இடையில் முறித்தவர், ஈஸ்டர் அன்று காலையில் கூடத்துக்கு எல்லாருக்கும் இறைச்சி சமைத்துக் கொண்டுவர வேண்டும். கேலி தாங்காமலே பலர் முறிக்காமல் இருப்பார்கள்.

சித்தப்பாவுக்கு இதில் ஒரு சங்கடம். அவர் பல வருடத்துக்கு முன்னாலேயே ஒரு விபூதிப் புதனில் குடியை விட்டு, பிறகு தொடவே இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் விடுவதற்குப் புதிதாக ஒன்று தேட வேண்டியிருந்தது. ஒரு வருடம் சீனியை விட்டார். ஒரு வருடம் வெற்றிலையை விட்டார். போன வருடம் மீனை விட்டார். கடலில் பிடித்த நெய்மீனைக் கரையில் விற்றுவிட்டு, வீட்டில் தேங்காய்த் துவையலும் கஞ்சியுமாக அவர் உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்தால், இயேசுநாதரே ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்துக்கொடுத்திருப்பார். ஒன்றையும் அவர் முறித்ததில்லை. "ததேயு விட்டா விட்டதுதான்," என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்குச் சோற்றைவிடப் பெரிது.

இந்த வருடம் அவர் முறை வந்தபோது, "நோவுக்குத் தின்னுற மாத்திரய விடப்போறேன்," என்றார்.

கூடம் சிரித்தது. "மருந்த விடுறது ஒரு ஒறுத்தலா? நான் இருமல் மருந்த விடுறேன், எழுதிக்கோங்க," என்றார் ஒருவர். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மாத்திரை தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. குடியை எப்படி விட்டாரோ அப்படியே இதையும் ஒரே நாளில் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஒறுத்தல் என்றால் வலிக்கத்தான் வேண்டும், வலித்தால்தான் பலன் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் சிறுவயதிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தப் புத்திதான் மனுஷனை வம்பில் மாட்டியது.

மறுநாள் கொட்டாவி துவங்கியது. ஒன்றை மூடுமுன் அடுத்தது. மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் கொட்டியது. மார்ச் மாத வெயிலில் மேலெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது. கால்கள் இரண்டும் தன்பாட்டுக்குக் கட்டிலை உதைத்துக்கொண்டிருந்தன. பிறகு வயிற்றுப்போக்கு, ஓங்கரிப்பு. சின்னம்மை சுக்குக் காப்பி போட்டாள், கஞ்சித்தண்ணி கொடுத்தாள், டெங்கு என்று பயந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் சித்தப்பா," என்று நான் ஸ்கூட்டியை எடுத்தபோது, "ஒண்ணும் இல்ல மோளே, நேத்து தின்ன நண்டு சேரேல," என்றார். நண்டின்மேல் பழி போட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்த நண்டை நானும்தான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் அவர் கடலுக்கும் போனார். அன்று போகாவிட்டால் கூடத்தில் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால், ததேயு தடுமாறுகிறான் என்று ஆகிவிடும். முறித்தேன் என்று சொல்வதைவிட செத்தேன் என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. கரைத்திரைக்கு வெளியே வள்ளத்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். அணியத்தில் மாமா கயிற்றோடு நின்றார். சித்தப்பாவுக்குக் குடலைப் பிடித்துத் திருகியிருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. சீக்கிரம் கரை ஏறினால் போதும் என்று திரை தீருமுன்னாலேயே வள்ளத்தை விட்டுவிட்டார். பின்னால் வந்த பெரிய திரை வள்ளத்தைக் குறுக்கே திருப்பி, தலைகீழாக மறித்துப்போட்டது. கரையில் நின்றவர்கள் ஓடி இறங்கி எல்லாரையும் இழுத்துப்போட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் தோள் எலும்பு மட்டும் உடைந்தது.

மணலில் கிடந்தபடியே மாமா சொன்னார்: "சொகமில்லன்னா வந்திருக்கப்படாது. வந்தா எங்ககிட்ட செல்லியிருக்கணும். இனி அவரு அமரத்தில இருந்தா நான் அணியத்தில நிக்கமாட்டேன். வேற வள்ளம் பாத்துக்கிடுவேன்."

 சித்தப்பாவுக்கு அமரம் போனதைவிட, மாமா சொன்னதுதான் தாங்கவில்லை. அந்த ஒரு வாக்கைத் திரும்ப எடுக்கவைப்பதுதான் அன்றிலிருந்து அவருக்கு எல்லாமும்.

அன்று பகலிலேயே ஒறுத்தல் முறிந்தது. எஞ்சினுக்கு மாற்று பிளக் வைக்கும் டப்பா ஒன்று உண்டு. அதற்குள் ஒரு அட்டை மாத்திரை மீதி இருந்தது. வள்ளத்துப் பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, டப்பாவைத் திறந்து இரண்டை எடுத்து விழுங்கினார். ஒரு மணி நேரத்துக்குள் கால் உதைப்பது நின்றது, மூக்கு காய்ந்தது, வயிறு அடங்கியது. தனக்கு வந்தது நண்டும் இல்லை, டெங்கும் இல்லை, இந்த மாத்திரை இல்லாத குறைதான் என்று அப்போது அவருக்கு உறுதியாகிவிட்டது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பெரிதாக அழுதார். எங்கள் வீடுவரை கேட்டது.

நான் ஓடிப்போனபோது சின்னம்மை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். தம்பி தோள் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இங்கே புருஷன் பிளக் டப்பாவை மடியில் வைத்து அழுகிறார். எந்தப் பக்கம் கோபப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"குடிய விட்ட மனுசன், இதுக்க முன்னால போயி தோத்தேரே," என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். "எங்கிட்ட எதுக்கு மறச்சீரு? நான் என்ன கூடத்துல உள்ள ஆளா?"

மறுநாள் அவரை ஸ்கூட்டியில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். ஆறடி ஆள் பின்னால் இருந்து, என் தோளைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் "பைய போ மோளே" என்று முதுகு பேசியது.

டாக்டர் ஹரிதா எங்கள் மாவட்டத்துக்காரிதான், நாஞ்சில்நாட்டு வயல்பக்கம். குரலை உயர்த்தாமல் பேசுகிற பெண். சித்தப்பா நடந்ததை எல்லாம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோலத் தலைகுனிந்து சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது உங்க மனசுல உள்ள குறை இல்ல. உங்க உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிட்டு. திடீர்னு நிறுத்தினா அது கிடந்து கூப்பாடு போடும். கொட்டாவி, நடுக்கம், வயித்துப்போக்கு எல்லாம் அந்தக் கூப்பாடுதான். இவ்வளவு மாத்திரைய ஒரேயடியா நிறுத்தினதுக்கு வலிப்பு வராம இருந்தது உங்க நல்ல நேரம்."

"குடிய நான் ஒரே நாளுல விட்டேன் டாக்டரே."

"அதுவும் செய்யக்கூடாத காரியந்தான். தப்பிச்சிட்டீங்க."

சித்தப்பாவின் வாழ்க்கையிலேயே பெரிய பெருமை அது. ஒரு நொடியில் அது தப்பாகிப்போனதில் அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

டாக்டர் வழியைச் சொன்னாள். மாத்திரையை உடனே நிறுத்தப்போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்ததைவிடச் சற்றுக் குறைத்து, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். உடம்பு அதற்கு ஒத்துக்கொண்டபிறகு இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். கஷ்டமாக இருந்தால் அதே அளவில் நின்றுகொள்ளலாம், பழைய அளவுக்கு ஏறக் கூடாது. நடுக்கத்துக்கும் புல்லரிப்புக்கும் பிரஷர் பார்த்து வேறு ஒரு மாத்திரை. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைத் தண்ணீர். முதுகுக்குத் தனியாக ஒரு ஃபிசியோதெரபிக்காரர் பயிற்சி சொல்லித்தருவார். மாத்திரை சின்னம்மை கையில் இருக்க வேண்டும். அளவு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் எஞ்சினைத் தொடக் கூடாது.

சித்தப்பா யோசித்துவிட்டு, "கரைபிடிக்கிறது மாதிரி," என்றார். "ஓட்டத்துல எஞ்சின அணைச்சா வள்ளம் மறியும். அடக்கி அடக்கித்தான் கொண்டுவரணும்."

"அதேதான்," என்றாள் டாக்டர். எஞ்சினை அவள் தொட்டிருக்கக்கூட மாட்டாள், ஆனால் உண்மையான சந்தோஷத்தோடு சொன்னாள்.

"ஈஸ்டருக்குள்ள முடிஞ்சிருமா?"

"இந்த ஈஸ்டருக்கு முடியாது அண்ணாச்சி. ஆடி, ஆவணி ஆயிரும்."

 திரும்பி வரும்போது, ஊர் எல்லையில், ஸ்கூட்டியின் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆடி மாசத்துல யாரு மக்கா தவக்காலம் அனுசரிக்கா?"

சின்னம்மை மாத்திரையை அலமாரியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் தாலிச்சங்கிலியில். நேரமானால், பூசையில் நற்கருணை கொடுப்பதுபோல ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக வந்து நிற்பாள். பகலில் சித்தப்பா தரையில் படுத்து, ஃபிசியோதெரபிக்காரர் சொன்னபடி காலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கி எண்ணிக்கொடுக்கும். முதுகு மெதுவாகக் கேட்க ஆரம்பித்தது. பழையபடி கொஞ்சம் பேச்சும் வந்தது. என் முருங்கையைத் தறிக்கச் சொல்லி மீண்டும் அறிவுரை கிடைத்தது. அது தொந்தரவுதான், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும், சித்தப்பா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு பார்க்கப் போனார். மாமா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. உடைந்த எலும்பு வலிக்குக் கொடுத்தது. அட்டையின் நிறத்தைப் பார்த்ததுமே அது எந்த மாத்திரை என்று சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "அதே சவம்தான் மோளே. டாக்டர் செல்லினதுக்கு மேல தின்னாதேன்னு செல்லணும்னு வாய் வரைக்கும் வந்து. வள்ளத்த மறிச்சவன் புத்தி செல்லவந்தா அவன் கேப்பானா?"

"நான் சொல்லட்டுமா சித்தப்பா?"

"வேண்டாம். எனக்க கதைய செல்லாம அத நீ எப்படிச் செல்லுவா?" என்றார். என்னையும் சின்னம்மையையும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். ஊருக்கு இன்னும் அது நண்டு தின்ற வயிற்றுப்போக்குதான்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் நெருங்கியபோது சித்தப்பாவுக்கு மறுபடியும் உடம்பு கெட்டது. கொட்டாவி, மூக்கொழுகல், கால் உதைப்பு. மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறதே, பிறகு ஏன் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது பக்கத்து வள்ளக்காரர் ஒரு பிளக் கடன் கேட்டு வந்தார். சின்னம்மை டப்பாவைத் திறந்தாள். பிளக்குகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் காகிதத்தில் பொதிந்து, ஒரு பிடி மாத்திரை.

நேராக எங்கள் அடுக்களைக்கு வந்து, அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மோளே, அவரு திரும்பத் துவங்கியாச்சு. கடையில வாங்கி ஒளிச்சு வச்சிருக்காரு." 

நாங்கள் இருவருமாகப் போய்க் கேட்டோம். சித்தப்பா முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வாங்கினது இல்ல. நீ தந்ததுதான்."

"நான் தந்தது எப்படி டப்பாவுக்குள்ள போச்சு?"

"தின்னாம விட்டது. நாக்குக்க அடியில வச்சு, நீ போனபொறவு எடுத்திருவேன். ஈஸ்டருக்குள்ள முடிச்சிரலாம்னுதான்."

சின்னம்மைக்கு அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மற்ற வீடுகளில் மாத்திரையைத் திருடித் தின்கிறார்கள். எங்கள் வீட்டு மனுஷன் தின்னாமல் திருடியிருக்கிறார். நல்ல பேருக்கு இப்படி ஒரு ஆசை ஒருவருக்கு இருக்குமா? எனக்குப் பொறுக்காமல், "சித்தப்பா, நீங்க யாரை ஏமாத்துறீங்க?" என்று பள்ளிக்கூடக் குரலில் கத்திவிட்டேன். அவர் பெஞ்சுமேல் ஏற்றப்பட்ட பையனைப்போல நின்றார்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். அவள் குரல் உயர்ந்தது அன்று ஒருநாள்தான். "சேத்து வைக்கக்கூடாது அண்ணாச்சி. கொறைஞ்ச அளவுக்கு உடம்பு பழகினபொறவு, ஒரு நாள் மனசு கெட்டு அத்தனையும் எடுத்துப் போட்டா, மூச்சே நின்னு போகும். உங்களுக்கு ஈஸ்டர் முக்கியமா, உயிர் முக்கியமா?"

சித்தப்பா ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடக்கி எண்ணினார். அதுதான் சின்னம்மைக்குப் பொறுக்கவில்லை. ஃபோனைப் பிடுங்கி, "உயிருதான் டாக்டரே. அவருக்கும் சேத்து நான் செல்லுதேன்," என்றாள். மிச்ச மாத்திரையை மறுநாளே டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து சின்னம்மை, "வாயத் திறயும். நாக்கத் தூக்கும்," என்று பார்த்துவிட்டுத்தான் நகருவாள். விட்ட படியிலிருந்து மறுபடியும் துவங்க வேண்டியிருந்தது.

பெரிய வெள்ளி கழிந்த சனிக்கிழமை, சித்தப்பா சந்தைக்குப் போய் பெரிய பொதியாக இறைச்சி வாங்கிவந்து சின்னம்மை முன்னால் வைத்தார்.

"இது எதுக்கு?"

"கூடத்துக்கு."

 சின்னம்மை இஞ்சி நசுக்க உட்கார்ந்தாள். நானும் உள்ளி உரித்தேன். அன்றைக்கு எங்கள் மூவர் கண்ணிலும் நீர்தான், உள்ளி உரித்தது நான் மட்டும் என்றாலும்.

ஈஸ்டர் காலையில் ஏலக்கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. இந்த வருடம் முறித்தது யார் என்று ஏற்கெனவே இரண்டு பேரைப் பிடித்துக் கேலி நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஒரு பக்கமும் சின்னம்மை ஒரு பக்கமுமாகப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, பின்னால் அப்பக் கூடையோடு நானுமாக, உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. மாமா தூணில் சாய்ந்து நின்றார். தோளில் கட்டு அவிழ்த்தாகிவிட்டது.

"ததேயுவா முறிச்சான்?" என்று யாரோ நம்பாமல் கேட்டார்கள்.

"நாந்தான்," என்றார் சித்தப்பா. "முறிச்சது இண்ணைக்கி நேத்து இல்ல, வள்ளம் மறிஞ்ச அண்ணைக்கே. நண்டு தின்னு வயித்தால போச்சுன்னு செல்லினது பொய். மாத்திரய விட்டதுல வந்த நடுக்கம் அது. நாலு வருசமா அது இல்லாம எனக்கு எழும்பி நிக்க ஒக்காது. இப்பவும் தின்னுதேன். டாக்டர் செல்லினபடி கொறச்சுக் கொறச்சு வருது. தீர ஆடி ஆவும்." பாத்திரத்தை இருவருமாகக் கீழே இறக்கி வைத்தார்கள். "உங்ககிட்ட செல்லாம நான் எஞ்சின் பிடிச்சேன். கிளீட்டஸுக்க தோளு ஒடிஞ்சது அதனாலதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மாமா பக்கம் திரும்பினார்.

"கிளீட்டஸே, தோளு நோவு தீந்தாச்சா?"

"தீந்தாச்சு."

"மாத்திர தீந்தாச்சா?"

 மாமாவின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் மாமாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். ஈஸ்டரும் ஒறுத்தலும் கூடமும் அவருக்கு மறந்துபோயிருந்தன.

மாமா தூணைவிட்டு விலகி நடந்து வந்தார். பையிலிருந்து அட்டையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். புது அட்டை. இரண்டுதான் குறைந்திருந்தது.

"அக்கா, இது இல்லாம எனக்கு உறக்கம் வரேல," என்றார். ஊரே கேட்கும்படி பேசுகிற மனிதர், அதைப் பக்கத்தில் நின்ற எங்கள் மூவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

சின்னம்மை அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சித்தப்பா அறிவுரை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு இலைத் துண்டில் அப்பத்தை வைத்து, இறைச்சியை அள்ளி ஊற்றி மாமாவிடம் நீட்டினார். "திங்கக்கிழமை என்கூட வா. அந்த டாக்டரு ஏசமாட்டா," என்றார்.

திங்கட்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, வரிசையில் யார் முந்துவது என்று சண்டை போட்டதாகக் கேள்வி. மாமாவுக்குப் பழக்கம் புதிது என்பதால் சீக்கிரமே முடிந்தது. சித்தப்பாவுக்கு டாக்டர் சொன்னதற்கும் மேலாக இழுத்தது. நடுவில் இரண்டு முறை தடுமாறி, ஒரே அளவில் நின்றார். ஆவணி பிறந்து சில நாளான பிறகு, ஒரு காலையில் சின்னம்மை தண்ணீரோடு மட்டும் வந்து நின்றாள், மாத்திரை இல்லாமல். அவர் வழக்கப்படி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

முதுகு வலி முழுசாகப் போய்விடவில்லை. வாழ்நாளுக்கும் கொஞ்சம் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். குலசேகரத்திலிருந்து தடித்த ரப்பர் மெத்தை ஒன்று வாங்கிவந்து, அமரத்தில் உட்காரும் இடத்தில் கட்டினார். எஞ்சின் பிடிக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தபின்னும், அவர் யாரிடமும் வள்ளத்தை இறக்கலாமா என்று கேட்கவில்லை. மெத்தையைக் கட்டிவிட்டு, வள்ளத்தின் நிழலில் வலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மாமா வந்து அணியத்தில் தன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் மறுபடியும் ஒன்றாகக் கடலுக்குப் போய்த் திரும்பி வந்த சனிக்கிழமை காலையில் நானும் சின்னம்மையும் கரையில் நின்றோம். கடல் அன்று கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. கரைத்திரைக்கு வெளியே வள்ளம் நின்றது. ஒரு திரை உடைந்தது. அடுத்தது உடைந்தது. மற்ற வள்ளங்கள் ஏறிவிட்டன. சித்தப்பா இன்னும் விடவில்லை. சின்னம்மையின் விரல் செபமாலையில் நின்றுவிட்டது. அணியத்தில் மாமா கயிற்றைப் பிடித்து நின்றார். இவ்வளவு நேரம் தாமதித்தால் யாராக இருந்தாலும் என்ன ஆயிற்று என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

மாமா திரும்பவில்லை.

கடல் அடங்கிய ஒரு இடைவெளியில் வள்ளம் கிளம்பி, நேராக வந்து மணலில் ஏறி நின்றது. மாமா குதித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். கட்டி முடித்தபிறகுதான் அமரத்தின் பக்கம் திரும்பினார்.

"என்ன அத்தான், மீனெல்லாம் கருவாடு ஆனபொறவுதான் கரைக்கு வருவீரோ?" என்றார்.